உதவி கொண்டு வன்னிக்கு வருகிறவர்களுக்கு: பணிவை எங்களிடம் மட்டும் கேட்காதீர்கள்

வன்னிக்கு உதவி கொண்டு வருகிற புலம்பெயர் சங்கங்களுக்கும், பழைய மாணவர் அமைப்புகளுக்கும், அறக்கட்டளைகளுக்கும், கமராவோடு வருகிற யூரியூப் தம்பிமாருக்கும், இவர்களுக்கு மேடை போட்டுக் கொடுக்கிற அதிபர்மாருக்கும் விழாக்குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். உதவி என்று யார் வந்தாலும் முதலில் விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) போவார்கள், அடுத்தது எங்களிடம்தான். "அக்கா, கஷ்டப்பட்ட குடும்பம் ஒரு 25 பேரின்ர பெயர் தாங்கோ" என்று கேட்பீர்கள். சரி, தருகிறோம். பெயர்களை வாங்கி மடித்து வைத்த பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வீர்கள்: "நல்ல பணிவான சனமாப் பார்த்துத் தாங்கோ, பிறகு அங்க வந்து பிரச்சினை வரக்கூடாது." இந்த இரண்டாவது வசனத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பணிவான சனம் என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று இத்தனை காலமும் பார்த்துப் பார்த்து எனக்கு இப்போது நன்றாக விளங்கும். பத்து மணி நிகழ்ச்சிக்கு எட்டு மணிக்கே வந்து இருந்து, பிரதம விருந்தினர் பன்னிரண்டு மணி தாண்டி வந்தாலும் முகம் சுளிக்காதவர். கொடுத்த பொருள் தனக்குத் தேவையா இல்லையா என்று வாய் திறக்காதவர். கமரா திரும்பும்போது கையெடுத்துக் கும்பிடுகிறவர், கேட்டால் அழவும் செய்கிறவர். எங்கள் ஊரில் கச்சான் (நிலக்கடலை) பயிர் செய்கிற ஒரு பெண், கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவருக்குத் தையல் மெசின் கொடுக்க வந்தார்கள். "எனக்குத் தைக்கத் தெரியாது தம்பி, தைக்கத் தெரிஞ்ச ஆருக்கும் குடுங்கோ, ஏலுமெண்டா எனக்குக் கிணத்துக்கு ஒரு மோட்டர் தந்தால் காணும்" என்று அவர் சொன்னார். அதிலே என்ன பிழை? தனக்கு வேண்டாததை இன்னொருத்திக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார், தன் தேவையையும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனது வேறு. "அவ கொஞ்சம் வாய்க்காரி, பணிவில்லை" என்று பிறகு எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. அடுத்த முறை பட்டியலில் அவருடைய பெயரை வெட்டியிருந்தார்கள்.

ஒரு பாடசாலை நிகழ்வையும் சொல்ல வேண்டும். மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். மிகவும் தேவையான உதவி, அதிலே எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்தில் உயர்தரம் படிப்பதென்றால் பிள்ளை தூரம் போக வேண்டும், பஸ் காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று, அதுவும் மழைக்காலத்தில் வந்தால்தான் வந்தது. அந்தச் சைக்கிள் ஒவ்வொன்றிலும் ஹான்டிலுக்குக் கீழே, கொடுத்தவரின் பெயரும் காலஞ்சென்ற அவருடைய தாய் தகப்பனின் பெயரும் எழுதிய ஒரு தகரத் தட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனதும் குறடு ஒன்றை எடுத்துக் கம்பியை வெட்டித் தட்டைக் கழற்றிவிட்டாள். தாய் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தார், "அவை கண்டால் கோவிப்பினம் அக்கா, நன்றியில்லாத பிள்ளை எண்டு நினைப்பினம்" என்று. நான் போய்ப் பிள்ளையிடம் கேட்டேன். தட்டை எறியவில்லை. துடைத்துச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். "செத்துப்போன ஆக்களின்ர பெயர் அன்ரி, அதை எறியக்கூடாது. ஆனா கிளாசில எல்லாரும் முதல்ல தட்டைப் பார்த்திட்டுத்தான் என்னைப் பார்க்கினம்" என்றாள். நன்றியும் தெரிந்த, மானமும் தெரிந்த பிள்ளை. இதற்கு மேல் ஒரு பிள்ளையிடம் என்ன பணிவை எதிர்பார்ப்பது?

அதே மேடையில்தான் மற்றதும் நடந்தது. விருந்தினருக்காகப் பிள்ளைகள் பண்டாரவன்னியன் நாடகம் போட்டார்கள். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடித்தவன், கற்சிலைமடுவில் நினைவுக்கல் இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு வசனம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நடித்து முடித்து வேஷம் கலைத்த அதே பொடியனின் பெயரை அடுத்ததாகப் புத்தகப் பை வாங்கக் கூப்பிட்டார்கள். அவன் மேடையேறி, கைகூப்பி, "நன்றி ஐயா" என்று சொல்லிப் பையை வாங்கினான். அறிவிப்பாளர் மைக்கில், "தம்பி, ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிடுங்கோ, பிள்ளையளுக்குப் பணிவு வேணும்" என்றார். முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பொடியன் அசையவில்லை. அவனுடைய காது சிவந்துபோனதை முன்வரிசையில் இருந்து நான் கண்டேன். கடைசியில் விருந்தினரே, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று அவனுடைய தலையைத் தடவி அனுப்பிவிட்டார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கே அது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இறங்கும்போது பின்வரிசையில் இருந்த ஒரு ஆசிரியர், "உதுக்கெல்லாம் உதவி செய்து என்ன பிரியோசனம்" என்று சொன்னது அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தது.

மேடைப் பேச்சுகளில் நீங்கள் திருக்குறள் சொல்லுவீர்கள். அடக்கமுடைமை அதிகாரத்தில் பத்தும் பிள்ளைகளுக்குப் பாடம். அதே அதிகாரத்திலேயே எல்லாருக்கும் பணிவு நல்லது, அதிலும் செல்வருக்கு அது இன்னொரு செல்வம் போன்றது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார்: "எல்லார்க்கும் நன்றாம் பணிதல் அவருள்ளும் செல்வர்க்கே செல்வம் தகைத்து." அதுகூடப் பரவாயில்லை, மானம் என்ற அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாக ஒன்று இருக்கிறது.

பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு.

கையில் நிறைய இருக்கும்போது பணிய வேண்டும், கை சுருங்கிப் போனபோது நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்கள் மேடைகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. இருப்பவர் கதிரையில், பொன்னாடையோடு. இல்லாதவர் வரிசையில், குனிந்து. அந்தக் கச்சான் செய்கிற பெண்ணும், குனியாத பொடியனும், தட்டைக் கழற்றிய பிள்ளையும் வள்ளுவர் சொன்னதைத்தான் செய்தார்கள்.

விளைந்த கதிர்தான் தலை சாயும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறீர்களே, வயல் செய்கிற எங்களுக்கு அது கண்ணால் காண்கிற விஷயம். கதிர் தன்னுடைய மணியின் பாரத்தில் தானாகச் சாய்கிறது, யாரும் பிடித்து வளைப்பதில்லை. பச்சைப் பயிரைப் பிடித்து வளைத்தால் அது முறியும். யாரிடம் மணி இருக்கிறதோ அவரிடமல்லவா அந்த உவமையைச் சொல்ல வேண்டும்?

இன்னொன்று. வன்னிச் சனம் வாங்கிப் பழகின சனம் இல்லை. 'வந்தாரை வாழவைக்கும் வன்னி' என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கப் போருக்குப் பயந்து வெளிக்கிட்டு வந்ததே, அதற்குப் பிறகு கிளாலிக் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள் எத்தனை. எங்கள் வளவுக்குள்ளேயே நாலைந்து கொட்டில் போட்டு இருந்தார்கள். கிணறு ஒன்று, அடுப்பு பல. விறகும் நெல்லும் கொடுத்தோம், மாமரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடந்தது. அப்போது யாரையும் வரிசையில் விட்டுப் பெயர் கூப்பிடவில்லை. அப்பா செய்த ஒரே விஷயம், வந்த குடும்பத்தின் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய், "இந்த மூலை நல்லதோ, அந்த மூலை நல்லதோ, நீங்களே பாருங்கோ" என்று கேட்டது. அன்று எங்கள் வளவில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், உதவி அனுப்புகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முன்பும் அப்படித்தான், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்த சனமும் இந்த மண்ணில்தான் காடு வெட்டிக் குடியிருந்தார்கள்.

பிறகு 2009. எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்ளிவாய்க்காலால் வெளியே வந்து, செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தோம். தன்னுடைய வயலில் விளைந்த நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பின கமக்காரர், கையில் ஒரு கோப்பையோடு சோற்றுக்கு வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது யாருடைய பணிவும் இல்லை, வேறு வழி இல்லை. 2012 செப்டெம்பரில் அந்த முகாமை மூடினார்கள். வரிசை மட்டும் மூடப்படவில்லை, மேடைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

அந்த 2009 இலேயே புலம்பெயர்ந்த நீங்கள் மருந்தும் சாப்பாடும் சேர்த்து ஒரு கப்பல் அனுப்பினீர்கள். அதைக் கடலில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கப்பலுக்கு நீங்களே வைத்த பெயர் 'வணங்காமண்'. பழைய காலத்தில் இந்தப் பக்கத்துக்கு அடங்காப்பற்று என்று பெயர் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். இந்த மண் வணங்காததில் உங்களுக்குப் பெருமை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அப்படியானால் இந்த மண்ணில் இருக்கிற ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு புத்தகப் பைக்காக வணங்காமல் நின்றால் ஏன் உங்களுக்குக் கோபம் வர வேண்டும்?

யூரியூப் தம்பிமாருக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கள் பிள்ளைகளின் வயது, அதனால் உரிமையோடு சொல்லுகிறேன். எங்கள் ஊரில் ஒரு வயதான அம்மா, மகன் காணாமலாக்கப்பட்டவர். அவருடைய வீட்டுக்கு உலருணவுப் பொதியோடு கமராவும் போனது. வீட்டில் ஒரேயொரு பிளாஸ்ரிக் கதிரை. அதைத் துடைத்து, "இருங்கோ ராசா" என்று வந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அம்மா வாசற்படியில் இருந்தார். அந்தத் தம்பி கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்தார். பிறகு உள்ளே போய் அடுப்பை எடுத்தார், பானையைத் திறந்து எடுத்தார். "மகன் எப்பிடிக் காணாமப் போனவர் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டார், அம்மா சொன்னார், வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதால் ஒலி சரியாக வரவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரமும் அம்மா சொன்னார். கடைசியில் சுவிஸில் பிறந்தநாள் கொண்டாடுகிற ஒரு பிள்ளைக்கு அம்மாவைக் கொண்டு வாழ்த்துச் சொல்ல வைத்தார்கள். இந்த அம்மா யார் தெரியுமா? 2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தொடங்கின போராட்டத்தில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருந்தவர். அமைச்சர் வந்தாலும் அதிகாரி வந்தாலும் "என்ர பிள்ளை எங்க" என்று கேட்கிறபோது அவருடைய குரல் நடுங்கினதில்லை. அப்படிப்பட்டவரை அரிசிக்கும் பருப்புக்கும் இரண்டு தரம் அழ வைத்திருக்கிறீர்கள். போகும்போது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கேட்டாராம், நேரமில்லை என்று போய்விட்டீர்கள். அந்த வீட்டில் பணிவு இருந்தது தம்பி. கதிரையைக் கொடுத்தவரிடம் இருந்தது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும், அது நியாயமும்கூட. "நாங்கள் இரவு வேலை செய்து, சமையலறையில் கோப்பை கழுவிச் சேர்த்த காசு. இதற்கு முதல் அனுப்பின காசை இடையில் நின்றவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள். படம் இல்லாமல் எப்படி நம்புவது?" உண்மைதான். அப்படி நடந்திருக்கிறது, அதைச் செய்தவர்கள் எங்கள் ஆட்களும்தான். கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். கடைப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், வங்கியில் போட்ட துண்டைக் கேளுங்கள், பாடசாலையிடம் கையொப்பமிட்ட கடிதம் கேளுங்கள், சைக்கிள்கள் வரிசையாக நிற்கிற படம் கேளுங்கள், கிணறு கட்டினால் கிணற்றின் படத்தைக் கேளுங்கள். ஒரு பிள்ளையின் முகம் எந்தக் கணக்கையும் நிரூபிக்காது. பிள்ளையை நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன கதையும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் அந்தப் படம் முகநூலில் கிடக்கும், பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும், கல்யாணம் பேசுகிறபோதும்.

உள்ளூர் ஆட்களுக்கு ஒன்று, இதை எழுதாமல் விட்டால் மடல் நேர்மையாக இருக்காது. பணிவை நாங்களும் எல்லாரிடமும் ஒரே அளவில் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள் என்றால் "அண்ணை, வாங்கோ இருங்கோ." தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறின ஆள், வயது அறுபது தாண்டியிருந்தாலும், "நீ வா, அங்கால நில்." நாற்பது வருடத்துக்கு மேலாக இதே மண்ணில் கூலி வேலை செய்து, இதே ஷெல்லடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, இதே முகாமில் இருந்துவிட்டு வந்தவர்களிடம் இன்னும் கூடுதலாக ஒரு குனிவு எதிர்பார்க்கிறோம். அவர்களுடைய பிள்ளை நிமிர்ந்து கதைத்தால் அதற்குத் திமிர் என்று பெயர் வைக்கிறோம். சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னபோது முகம் கோணினவர்கள் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. 2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்தன. நாங்கள் ஒரு பாடசாலையில் இருந்தோம். இருட்டின பிறகு ஒரு லொறி வந்தது. வந்தவர்கள் சாமானை இறக்குவதற்கு முதல் என்னிடம் கேட்டது, "பால்மா தேவையான குழந்தையள் எத்தினை பேர், மருந்து குடிக்கிற வயசுபோன ஆக்கள் இருக்கினமோ" என்று. கூட வந்த ஒரு பெண்பிள்ளை என்னைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், பெண்களுக்கு என்னென்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்டு எழுதினாள். எழுதினபடி அடுத்த நாள் காலையில் கடதாசிப் பையில் சுற்றி, ஆண்கள் பார்க்காதபடி வந்து சேர்ந்தது. ஒருவரும் தங்களுடைய பெயரைச் சொல்லவில்லை, ஆனால் நான் சொல்ல வருவது பெயர் சொல்லாததைப் பற்றியில்லை. பெயர் சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் முதலில் கேட்டார்கள். தங்களுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். பணிவு என்று நான் கண்டது அதைத்தான்.

புறநானூற்றில் ஒரு பாட்டு, கழைதின் யானையார் வல்வில் ஓரிக்குச் சொன்னது. 'தா' என்று இரப்பது இழிவு, 'தரமாட்டேன்' என்பது அதைவிட இழிவு. 'கொள்' என்று கொடுப்பது உயர்வு, 'கொள்ளேன்' என்று மறுப்பது அதைவிட உயர்வு. கொடுக்கும் வள்ளலின் முகத்துக்கு நேரே நின்று ஒரு புலவன் இப்படிச் சொல்லியிருக்கிறான். எங்கள் பட்டியலில் இருக்கிற ஒருவருக்கும் இன்று அந்த 'கொள்ளேன்' என்ற சொல்லைச் சொல்ல முடியாது. சொன்னால் பெயர் வெட்டுப்படும்.

அதனால் எங்கள் சங்கத்தில் கூடிக் கதைத்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் நீங்கள் வருவீர்கள், வாருங்கள். பெயர்ப் பட்டியல் தருவோம். ஆனால் அந்தப் பெயர்களை மைக்கில் வாசிக்கக் கூடாது, பிள்ளைகளை மேடைக்கு அனுப்ப மாட்டோம். கொப்பி, சப்பாத்து, சைக்கிள் எதுவானாலும் பாடசாலையில் கொண்டுவந்து இறக்குங்கள், வகுப்பாசிரியர் கொடுப்பார், கையொப்பம் வாங்கி உங்களுக்கு அனுப்புவது என்னுடைய பொறுப்பு. குடும்பங்களுக்கு என்றால் முதலில் அந்த வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணியும் குடித்து, என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள், நான் கூட வருகிறேன். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கின காசையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். காலைத் தொடச் சொல்லி எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்கக் கூடாது, தாய் தகப்பன் சம்மதித்தாலும்.

கச்சான் செய்கிற அந்தப் பெண்ணின் பெயர் இந்த முறையும் பட்டியலில் இருக்கிறது. அதற்கு நேரே 'நீர் இறைக்கும் மோட்டர்' என்று எழுதியிருக்கிறேன். மோட்டர் தர ஏலாவிட்டால் ஏலாது என்று அவரிடமே நேரில் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார். பெயரை மட்டும் வெட்ட விட மாட்டோம்.

செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று,
முல்லைத்தீவு மாவட்டம்.